தகரக் கூரை துருப்பிடிக்க அமில மழைதான் காரணமா?

எண்ணூரில் போட்ட தகரக் கூரை சில வருடத்திலேயே துருவேறி ஓட்டையாகிவிட்டது, இது அமில மழையா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பழியையும் மழைமேல் போடமாட்டேன். கடலோரத்தில் உப்புக்காற்றே இரும்பைத் தின்றுவிடும். காசிமேட்டு சைக்கிள்களைப் பார்த்தாலே தெரியும்.

சுத்தமான மழையே லேசாகப் புளிப்புதான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.6. அதற்கும் கீழே இறங்கினால் அமில மழை. ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு, ஆகவே 4.6 என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

நிலக்கரியிலும் கச்சா எண்ணெயிலும் கந்தகம் உண்டு. எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாகி, மேகத்தில் கந்தக அமிலமாகிறது. லாரி என்ஜின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரிக் அமிலத்துக்கு வழி செய்கிறது. அனல்மின் நிலையம், மணலி சுத்திகரிப்பு ஆலை, கன்டெய்னர் லாரி என வடசென்னையில் எல்லாமே இருக்கின்றன.

அப்படியும் இங்கே மழை எப்போதும் அமிலமாக இருப்பதில்லை. நம் ஊர்ப் புழுதியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அமிலத்தை ஓரளவு முறித்துவிடும். (புழுதிக்கும் ஒரு நல்ல குணம்!) பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான் அழுக்கை எல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கும்.

பெரிய பாதிப்பைப் பார்த்தது ஸ்வீடன், நார்வே ஏரிகள். பிரிட்டனின் உயரமான புகைபோக்கிகள் விட்ட புகையும் அங்கே மழையாக இறங்கியது. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஏரியில் சேர்க்க, மீன்களின் செவுள் பாழானது. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும்கூட அரிக்கும். உங்கள் கூரைக்கு, துத்தநாகப் பூச்சுள்ள தகடு வாங்கி அதன்மேல் பெயின்டும் அடித்துவிடுங்கள்.