எஃப் துளைக்குள் நுழையாததை வாங்காதீர்கள்: செமி ஹாலோ கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செமி ஹாலோ கிட்டார் (உள்ளே நடுவில் ஒரு கட்டை, இருபக்கமும் வெற்றிடம், மேலே ‘எஃப்’ வடிவத் துளை உள்ள எலெக்ட்ரிக் கிட்டார்) பற்றித்தான். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, என் கிட்டார் சத்தம் மந்தமா இருக்கு. எந்த பிக்கப் வாங்கலாம்?

எந்த கிட்டார் தம்பி? மாடல் இல்லை, ஆம்ப் என்னவென்று இல்லை, எந்த ஸ்ட்ரிங் போட்டிருக்கிறீர்கள் என்றும் இல்லை. இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிக்கப்புக்கும் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர், நெக் பக்கம் இரண்டரை. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிக் கேளுங்கள். நெக் பிக்கப் ஸ்ட்ரிங்கை ஒட்டி நின்றால் எந்த ஹம்பக்கரும் (இரட்டைச் சுருள் பிக்கப்) மந்தமாகத்தான் கேட்கும். அப்புறம் புது ஸ்ட்ரிங் போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மாடல் பெயரோடு எழுதுங்கள்.

எபிஃபோன் டாட்டில் சின்ன பாட்டை எடுத்துவிட்டு பெரிய சிடிஎஸ் பாட் போடலாமா?

போடலாம், அளந்துவிட்டு. பாட் என்பது வால்யூம், டோனைக் கூட்டிக் குறைக்கும் பாகம். சின்னது 16 மில்லிமீட்டர், சிடிஎஸ் கம்பெனியின் பெரியது 24. அது உங்கள் எஃப் துளை வழியாகவோ பிரிட்ஜ் பிக்கப் குழி வழியாகவோ உள்ளே போகுமா என்று முதலில் பாருங்கள். போகாது என்றால் வாங்காதீர்கள். பெரிய பாட்டின் கழுத்துக்குத் துளை கிட்டத்தட்ட ஒன்பதரை மில்லிமீட்டர் வேண்டும். இறக்குமதி கிட்டார்களில் பெரும்பாலும் ஏழெட்டுதான் இருக்கும். டிரில் வைத்துப் பெரிதாக்கக் கூடாது, ஒட்டுப்பலகையின் மேல் அடுக்கு பாலிஷோடு சேர்ந்து பிய்ந்துவிடும். கூம்பு ரீமரை கையால் திருகி, மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். பழைய நாப் (மேலே திருகும் குமிழ்) புது பாட்டில் உட்காராது, தண்டின் பல் எண்ணிக்கை வேறு (18, 24). நாப்பையும் சேர்த்து வாங்குங்கள்.

500கே போடணுமா, 250கே போடணுமா?

ஹம்பக்கருக்கு 500கே பாட் (கே என்றால் கிலோ ஓம், மின்தடை அளவு). சில கிட்டார்களில் 300கே இருக்கும், மீட்டரில் அளந்து பாருங்கள். மந்தத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வயரிங்கை வெளியே எடுத்தால் திரும்ப உள்ளே வைக்க முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். பின்பலகையில் ஒரு கதவு வெட்டிக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் திறந்து வேலை செய்யலாம் என்கிறார் கடைக்காரர். என் நண்பரின் கிட்டாரில் ஏற்கெனவே வெட்டிக் கொடுத்திருக்கிறார். செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு நல்ல கிட்டாரின் முதுகில் ஓட்டை விழுந்திருக்கிறது. கிப்சன் 1958-இல் ஈஎஸ் 335-ஐக் கொண்டுவந்தபோது பின்பலகையில் கதவு கிடையாது. கலமசூ தொழிற்சாலையில் வயரிங் முழுவதும் இருக்கிற துளைகள் வழியாகத்தான் உள்ளே போனது. பிற்பாடு பல கிட்டார்களில் பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கீழே நடுக்கட்டையைக் கொஞ்சம் வெட்டி வழிவிட்டார்கள், அதுவும் வெளியே தெரியாமல். அந்தப் பின்பலகை மெல்லிய ஒட்டுப்பலகை. அதில் கதவு வெட்டினால் ஓரம் சிதறும், மூடி போட்ட இடம் சில சுரங்களுக்கு மட்டும் கிறுகிறுவென்று அதிரும், விற்கப் போனால் விலை பாதியாகக் கேட்பார்கள். இத்தனையும் ஒருவர் அரைமணி நேரம் கூடுதலாகக் குனிந்து வேலை செய்ய மனமில்லாததால்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாப், நட்டு, வாஷர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் ஒரு நீளமான தையல் நூலை இறுக்கிக் கட்டுங்கள். நாலுக்கும் நாலு நிறம் இருந்தால் குழப்பம் வராது. சுவிட்சுக்கும் அப்படியே. கேபிள் செருகும் ஜாக்குக்கு மட்டும், அதன் வாயில் இறுக்கமாக உட்காரும் ஒரு குச்சியைச் செருகி, குச்சியின் மறுமுனையில் நூலைக் கட்டுங்கள். இப்போது ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி எஃப் துளை வழியாக வெளியே எடுங்கள். நூலின் ஒரு முனை அதனதன் துளையிலேயே நிற்கட்டும், மேலே டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு அட்டையை கிட்டார் மேல் வைத்து, துளைகள் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வெட்டி, புது வயரிங்கை அந்த அட்டையிலேயே கட்டி முடியுங்கள். வயர் நீளம் தானாகச் சரியாக வரும். உள்ளே போடுவதற்கு முன்னால் ஆம்பில் செருகி, பிக்கப்பை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டி, இரண்டும் பேசுகிறதா, நாலு பாட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் மூன்று முறை உள்ளே வெளியே இழுத்துக் கைசலித்து, கடைசியில் கதவு கேட்கிறார்கள். அப்புறம் புதுத் தண்டுகளில் அதே நூலைக் கட்டி, வந்த வழியே உள்ளே விட்டு மெதுவாக இழுத்தால், தண்டு அதன் துளையில் வந்து தலைநீட்டும்.

கிட்டாரைக் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வயரிங்கை எப்படி வெளியே எடுப்பீர்கள்?” நூல், ட்யூப் என்று ஏதாவது சொன்னால் கொடுங்கள். மரத்தை அறுப்பதைப் பற்றிப் பேசினால் கிட்டாரோடு திரும்பி வந்துவிடுங்கள். நண்பரிடம் வெட்டிய துண்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே சின்னச் சின்ன மேப்பிள் பட்டைகளை ஒட்டி, அதன் மேல் அதே துண்டைப் பொருத்தி ஒட்ட, கிட்டார் செய்யத் தெரிந்த ஒருவரால் முடியும்.

மேடையில் வால்யூம் ஏற்றினால் ஊளையிடுகிறது.

எந்த மாதிரி ஊளை? ‘ஊ’ என்று அடிக்குரலில் வந்தால் உடம்பு அதிர்கிறது. எஃப் துளையைவிடச் சற்றுப் பெரிய பஞ்சுத் துண்டை உள்ளே அடையுங்கள், திரும்ப எடுப்பதற்கு அதிலும் ஒரு நூல் கட்டுங்கள். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் துளைக்குள் துணியை அடைத்து வாசித்தவர். 1980-இல் கிப்சன் அவர் பெயரில் கொண்டுவந்த மாடலில் எஃப் துளையே இல்லை. ‘கீ’ என்று மேலே கிறீச்சிட்டால் அது பிக்கப்பின் சுருள் அதிர்வது, பஞ்சு உதவாது, பிக்கப்புக்கு மெழுகு ஊற்ற வேண்டும். உங்களுடையது எபிஃபோன் கசீனோ என்றால் அதில் நடுக்கட்டையே கிடையாது. ஆம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

இரண்டு வயர் ஹம்பக்கரில் காயில் ஸ்ப்ளிட் செய்யலாமா?

இரண்டு சுருளில் ஒன்றை மட்டும் வேலை செய்ய வைப்பதுதான் ஸ்ப்ளிட், இரண்டு வயரில் அப்படியே முடியாது. நாலு வயர் உள்ளது வாங்குங்கள்.

பிக்ஸ்பி போட ஆசை. பி7 சரியா?

பிக்ஸ்பி என்பது கைப்பிடியை அசைத்துச் சுரத்தை ஆட்டும் டெயில்பீஸ் (ஸ்ட்ரிங்கின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்). நடுக்கட்டை இருந்தால் பி7 சரி, ஸ்க்ரூ பிடிக்க மரம் இருக்கிறது. முழு ஹாலோவுக்கு பி7 வேண்டாம், பி6 பாருங்கள். துளை போடாமல் வேண்டும் என்றால் வைப்ராமேட் தகடு இருக்கிறது, பழைய டெயில்பீஸ் துளைகளிலேயே உட்காரும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பெரும்பாலான கிட்டார்களில் எர்த் வயர் டெயில்பீஸைத் தாங்கும் ஆணியான ஸ்டட்டுக்குப் போகிறது. ஸ்டட்டைக் கழற்றினால் அந்தத் தொடர்பு போய் இரைச்சல் வரும். எர்த்தை பிக்ஸ்பிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஜி ஸ்ட்ரிங் ட்யூனிங் நிற்கவே இல்லை. குரோவர் ட்யூனர் வாங்கட்டுமா?

திருகும்போது ‘டிங்’ என்று சத்தம் வருகிறதா? அப்படியென்றால் நட்டில் (நெக்கின் உச்சியில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளக் கட்டை) சிக்குகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். போதவில்லை என்றால் எலும்பு நட். ட்யூனருக்குக் கடைசியில் செலவு செய்யலாம், அதுவும் துளை அளவைப் பார்த்துவிட்டு.

சென்னையில் மழைக்காலம் வந்தால் ஸ்ட்ரிங் உயர்ந்துவிடுகிறது. பிரிட்ஜை இறக்கிவிடலாமா?

முதலில் நெக்கைப் பாருங்கள். ஈரத்துக்கு அசைவது அதுதான், ஒட்டுப்பலகை உடம்பு அவ்வளவாக அசையாது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட்டில் கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகம் இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) ஒரே ஒரு கால் சுற்று இறுக்கி, மறுநாள் திரும்பப் பாருங்கள். வெயில் வந்ததும் தளர்த்த வேண்டிவரும்.

ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் நிற்கிறது. சில நேரம் விரலில் சுருக்கென்றும் இருக்கிறது.

இரைச்சல் நிற்பது பரவாயில்லை, நீங்கள் எர்த்தோடு சேர்வதால் அப்படி. சுருக்கென்பது ஆபத்து, அது கிட்டாரின் கோளாறு அல்ல. ஆம்பின் மூன்றாவது பின்னை யாராவது வெட்டியிருக்கிறார்களா, வீட்டு பிளக் பாயிண்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து இன்றைக்கே பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அந்த ஆம்பில் கிட்டாரைச் செருகாதீர்கள்.