கண்ணுக்குக் கீழே 2 மில்லிமீட்டர்

அன்புள்ள அக்கா,

நடிகை ஜேமி லீ கர்ட்டிஸின் பேட்டி ஒன்றைச் சென்ற வாரம் பார்த்தேன். 25 வயதில் கண்ணுக்குக் கீழே அறுவை செய்துகொண்டதை நினைத்து இன்றும் வருந்துகிறார். அதே வாரம் என் அக்கா மகள் போனில் அழுதாள். 29 வயது. ஒரு தொலைக்காட்சியில் காலைச் செய்தி வாசிக்கிறாள். “ஸ்க்ரீன்ல ரொம்ப டயர்டா தெரியுற, ஏதாவது பண்ணு” என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டாராம். தோல் கிளினிக்கில் கேட்டதற்கு, கண்ணுக்குக் கீழே ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் நிரப்பும் கூழ், போட்டால் சரியாகிவிடும், வெறும் ஊசிதான், அரை மணி நேர வேலை, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறார்கள். என் அக்கா கூடவே கூடாது என்கிறாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் முகம், அவள் தொழில். நாம் தடுப்பது சரியா? முகத்தை மாற்றிக்கொண்ட நடிகைகளைப் பார்த்து நாங்களும் வீட்டில் சிரித்திருக்கிறோம். அதுவும் இந்த நெருக்கடியில் சேர்த்திதானா? வெறும் ஊசிதானே என்று விட்டுவிடலாமா?

எம்., திருச்சி

*

அன்புள்ள எம்.,

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து நான்கு மணிக்கு மேக்கப் நாற்காலியில் உட்காருகிற பெண் களைப்பாகத் தெரியாவிட்டால்தான் அதிசயம். போன் செய்து இதை முதலில் சொல்லுங்கள். அம்மா கூடாது என்கிறாள், சித்தி யோசிக்கிறேன் என்கிறாள். நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது சொன்னீர்களா?

முதல் கேள்வியை ஒதுக்கிவைக்கிறேன். 29 வயதுப் பெண்ணை நீங்கள் தடுக்கவும் முடியாது, அனுமதிக்கவும் தேவையில்லை. கட்டளை போட்டவர் தயாரிப்பாளர், சரக்கை விற்பவர் கிளினிக்காரர். சுதந்திரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்குப் பதில்: சேர்த்திதான், சந்தேகமே வேண்டாம். 2014 ஆஸ்கர் மேடைக்குப் பழைய ஹாலிவுட் நடிகை கிம் நோவாக் வந்தபோது அவருக்கு 81 வயது. முகத்தில் கொழுப்பு ஊசி போட்டிருந்தார், பிறகு அவரே சொன்னார். அன்றிரவே இணையம் அந்த முகத்தை வைத்துக் கூத்தடித்தது. சுருக்கங்களோடு வந்திருந்தால் “எப்படி இருந்தவர், பாவம்” என்று அதே வாய்கள் உச்சுக்கொட்டியிருக்கும். சிரித்ததற்கு வெட்கப்படுங்கள், அது போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தயாரிப்பாளரின் ஒரு சொல்: “ஸ்க்ரீன்ல.” நேரில் யாரும் அவளைக் களைப்பாகப் பார்க்கவில்லை. திரையில்தான் தெரிகிறது. அப்படியென்றால் நோய் முகத்தில் இருக்கிறதா, முகத்துக்கும் திரைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறதா?

ஜேமி லீ கர்ட்டிஸின் பேட்டியைப் பார்த்தும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அவர் கண்ணுக்குக் கீழே பை இருக்கிறது, இன்று படமெடுக்க மாட்டேன் என்று சொன்னவர் யார்? ஒளிப்பதிவாளர். ஒளியைக் கையாளச் சம்பளம் வாங்குகிற ஆள். குழம்பில் உப்பைக் கொட்டிவிட்டு, சாப்பிடுகிறவரின் நாக்கை வைத்தியரிடம் காட்டச் சொல்கிற சமையல்காரர் மாதிரி. அந்த அவமானத்தில் அறுவை வந்தது. கண் வீக்க அறுவையோடு வந்த வலி மாத்திரை பழக்கமாகி, 1999-இல்தான் அவரை விட்டது.

இதை ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்றால், கண்ணுக்குக் கீழே இருக்கும் பையைக் கேமரா பார்ப்பதே இல்லை. பையும் தோல் நிறம், கன்னமும் தோல் நிறம். கேமராவுக்குத் தெரிவது பை விழுத்தும் நிழல். சுருக்கமும் அப்படித்தான். நிழல் போனால் சுருக்கம் இருந்தும் இல்லாததுதான்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஸ்டுடியோக் கூரைச் சட்டத்தில் 12 அடி உயரத்தில் எல்இடி பேனல் தொங்குகிறது என்று வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 4 அடி. ஆக விளக்கு கண்ணுக்கு மேலே 8 அடி. அது நாற்காலிக்கு 5 அடி முன்னால் மட்டுமே இருந்தால், 1 மில்லிமீட்டர் புடைப்புக்கு 8/5, அதாவது 1.6 மில்லிமீட்டர் நிழல் கீழே இறங்கும். பை 2 மில்லிமீட்டர் புடைத்திருந்தால் நிழல் 3.2 மில்லிமீட்டர். அதே உயரத்தில் அதே விளக்கை 15 அடி முன்னால் தள்ளிக் கட்டுங்கள். நிழல் 1 மில்லிமீட்டர் சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். முகம் அதேதான், பை அதேதான். ஒரு ஏணி, ஒரு லைட்மேன், அரை மணி நேரம். கிளினிக்காரர் கேட்டதும் அதே அரை மணி நேரம்தான்!

தள்ளிக் கட்டினால் சிக்கல் இல்லாமலில்லை. 5 அடியில் கிடைத்த வெளிச்சம் 15 அடியில் வெகுவாகக் குறைந்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை ஏற்ற வேண்டும், அல்லது இன்னொரு பேனலைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். தூரம் கூடக்கூட முகத்தின் பார்வையில் விளக்கு சிறிதாகிறது, நிழலின் ஓரம் கூர்மையாகிறது. அதற்குத்தான் விளக்கின் முன்னால் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணி. துணி வெளிச்சத்தைத் தின்னும், அதற்கும் சேர்த்து டிம்மரை ஏற்ற வேண்டும். இன்னொன்று, நேராக முன்னாலிருந்து அடித்தால் நெற்றி பளபளக்கும், அப்போது பவுடர் வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள் எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கிறார்கள். செட் போட்ட அன்று ஒருமுறை கட்டிய விளக்கை யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான். அதே விளக்கின் கீழே பக்கத்து நாற்காலியில் 50 வயது ஆண் உட்காருகிறார். அவர் பைக்குப் பெயர் அனுபவம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. மெர்ல் ஓபரான் என்ற ஹாலிவுட் நடிகையின் முகத்தில் 1937-இல் நடந்த கார் விபத்தின் தழும்புகள் இருந்தன. 1944-இல் வெளியான படத்தில் அவரைப் படமெடுத்த ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், லென்ஸை ஒட்டியே ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். லென்ஸ் இருக்கும் திசையிலிருந்தே ஒளி வந்தால் நிழல் புடைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், லென்ஸின் கண்ணில் படாது. தழும்பு இருந்தது, படத்தில் இல்லை. ‘ஓபி’ என்று அந்த விளக்குக்கு ஓபரானின் பெயரே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள்.

என் வாதத்தில் இருக்கும் ஓட்டையையும் நானே காட்டிவிடுகிறேன். மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர், தாய்வழியில் இலங்கை வேர் உள்ளவர். டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதை மறைத்தார். முன்னாலிருந்து அடிக்கிற ஒளியில் நிறமும் வெளிறித்தான் தெரியும். தழும்பை மறைத்த விளக்கு இன்னொன்றையும் சேர்த்து மறைத்திருக்கும். விளக்கு ஒன்றும் புனிதமான பொருளில்லை. ஆனால் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், எம். தோலுக்கு அடியில் போட்டதை அப்படி அணைக்க முடியாது.

கேமராவிலும் கைவைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்டுடியோக் கேமராக்கள் படத்தின் விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மைப்படுத்திக் காட்டும். ‘டீடெய்ல்’ என்பார்கள். எழுத்துக்கும் செட்டுக்கும் அது நல்லது, முகத்துக்குச் சத்துரு. தோல் நிறமுள்ள பகுதியில் மட்டும் அதைக் குறைக்க ‘ஸ்கின் டீடெய்ல்’ என்றே தனி வசதி பல கேமராக்களில் இருக்கிறது. கேமராவைக் கட்டுப்படுத்தும் பொறியாளர் தன் அறையில் உட்கார்ந்தபடியே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் முகம் மெழுகு பொம்மையாகிவிடும். மானிட்டரைப் பார்த்து, புருவ முடி தனித்தனியாகத் தெரிகிற அளவில் நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி ஊசி. கிளினிக்குக்குப் போவதற்கு முன் அவள் வீட்டிலேயே பார்க்க வேண்டியது இது. இருட்டறையில் கண்ணாடி முன் நின்று, டார்ச்சை மூக்குக்கு நேரே, கண் மட்டத்தில் பிடிக்கட்டும். நேரே பார்த்துக் கூச வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு போனில் படமெடுத்தாலும் போதும். கருமை மறைந்தால் அது நிழல். மறையாவிட்டால் பெரும்பாலும் தோலின் நிறமி. நம் நிறத்தவர்களுக்கு அது சகஜம், பரம்பரையாகவும் வரும், ஃபில்லர் அதைத் தொடவே தொடாது. அடுத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்தட்டும். புடைப்பு கூடினால் அது கொழுப்புப் பை. காலையில் ஊதி மதியத்துக்குள் வடிந்தால் நீர், அதாவது தூக்கமும் உப்பும். இது எதுவுமில்லாமல் கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்துக்கு ஒரு பள்ளம் ஓடினால் மட்டுமே ஃபில்லரைப் பற்றிப் பேச இடமிருக்கிறது.

ஃபில்லர் என்பது பெரும்பாலும் ஹயலுரானிக் அமிலக் கூழ், 1 மில்லி சிரிஞ்சில் வரும். பள்ளத்தை நிரப்பும், பையைக் கரைக்காது. நீரை இழுத்து வைத்துக்கொள்வது அதன் குணம். பை உள்ள கண்ணில் போட்டால் இன்னும் ஊதும். அங்கே தோல் மிக மெல்லியது என்பதால் கொஞ்சம் மேலாகப் போட்டுவிட்டாலும் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த டிண்டால் விளைவுதான், கூழில் ஒளி சிதறுகிறது. கருமையை மறைக்கப் போய் நீலத்தை வாங்கி வருவது! ஓராண்டில் தானே கரையும் என்பார்கள். கண்ணுக்குக் கீழே அது பல ஆண்டுகள் கிடப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அழகுச் சிக்கல். ஆபத்து வேறு. கூழ் தவறித் தமனிக்குள் போனால், சிரிஞ்சின் அழுத்தத்தில் ரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிப் போய்க் கண்ணுக்குப் போகும் தமனியை எட்டக்கூடும். அங்கே அழுத்தம் நின்றதும் ஓட்டத்தோடு விழித்திரைக்குப் போய் அடைக்கும். பார்வை சில நொடிகளில் போகும். திருப்புவதற்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, திரும்பியவர்கள் மிகக் குறைவு. அபூர்வம்தான், மறுக்கவில்லை. தோலுக்குப் போகும் குழாய் அடைபடுவது அதைவிட அடிக்கடி நடக்கும். முதலில் வெளிறும், பிறகு வலை விரித்ததுபோல் நீலச் சிவப்புக் கோடுகள், சில சமயம் பொறுக்க முடியாத வலி. “சாதாரண வீக்கம், ஐஸ் வையுங்கள்” என்று வீட்டுக்கு அனுப்பிவிடும்போதுதான் தோல் செத்துக் கருகுகிறது. கண்ணால் பார்க்காமல் ரத்தக்குழாய்களுக்கு நடுவே வைக்கிற கூழுக்கு “வெறும் ஊசி” என்று பெயர் வைத்தவர் வியாபாரி. அதை நீங்களும் எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்படியும் போட்டுக்கொள்வேன் என்றால், போட்டுக்கொள்ளட்டும். மருத்துவரிடம் ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஹயலுரானிடேஸ் இந்த அறையில் இருக்கிறதா, எத்தனை குப்பி? அந்தக் கூழைக் கரைக்கிற மருந்து அது. 1500 யூனிட் குப்பியில் வரும். அடைப்பு என்றால் ஒரு குப்பி போதாமல் போகலாம். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினால் உட்காரலாம். “தேவைப்பட்டால் வரவழைப்போம்” என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். தேனீ கொட்டி அவளுக்கு எப்போதாவது உடம்பு தடித்ததுண்டா என்று அக்காவிடம் கேட்டு வையுங்கள், தேனீ விஷத்திலும் இந்த மருந்தில் உள்ள நொதி இருக்கிறது, அது ஒவ்வாதவளுக்கு மருந்தும் ஒவ்வாமல் போகலாம். கேமரா முன் உட்காருகிறவள் மறுநாளே வேலைக்குப் போக முடியும் என்பதும் பொய். ரத்தம் கட்டினால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

அதற்கு முன்னால், நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செய்தி மேசையில் தன் முன்னால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், வெள்ளைத் தாள்கள் நாலைந்தைப் பரப்பி வைக்கட்டும். மேலிருந்து வருகிற வெளிச்சம் தாளில் பட்டுக் கண்ணுக்குக் கீழே ஏறும். சினிமாவில் தெர்மாகோல் பிடிப்பார்களே, அதேதான். மேசை சிவப்போ நீலமோ என்றால் அந்த நிறம் இப்போது அவள் தாடையில் ஏறிக்கொண்டிருக்கும், தாள் அதையும் தடுக்கும். கீழிருந்து வருவது மேலிருந்து வருவதில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பேய்ப்பட வெளிச்சமாகிவிடும். மானிட்டரைப் பார்த்து ஒவ்வொரு தாளாக எடுத்துக்கொண்டே வரலாம். பளபளப்பான தாள் வேண்டாம், மூக்குக் கண்ணாடி போடுகிறவள் என்றால் அதில் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். சாதாரண ஏ4 போதும்.