எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு குடும்ப மருத்துவமா, தடய உளவியலா?

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுக் குடும்ப மருத்துவம் படிப்பதா, தடய உளவியல் (குற்றமும் சட்டமும் சார்ந்த உளவியல்) படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்னும் முதுநிலைப் படிப்பு 3 ஆண்டு, முதுநிலை நீட் எழுதித்தான் இடம் வாங்க வேண்டும். குழந்தைக் காய்ச்சலிலிருந்து முதியவர் மூட்டுவலி வரை கை பழகிவிடும். தடய உளவியல் 2 ஆண்டு எம்.எஸ்சி.; காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. ஆனால் அந்தப் பட்டம் உங்களை மனநல மருத்துவர் ஆக்காது. குற்றவாளியின் மனம்தான் உங்களை இழுக்கிறது என்றால், முதலில் மனநல மருத்துவத்தில் எம்.டி., பிறகு பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் தடய மனநல மேற்படிப்பு. நீண்ட வழிதான், ஆனால் மருத்துவருக்கு ஏற்ற வழி. மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் விசாரிக்கும் நார்கோ சோதனையில் ஆசை ஏதும் இருந்தால், சம்மதமின்றி அதை நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது.