ஜாவா கிளாஸும் எக்ஸ்எஸ்டியும் ஒத்துப்போக

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒரு எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் கோப்பு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் விதிக் கோப்பு) கொடுத்திருக்கிறது. ஜாவா கிளாஸில் ஜாக்ஸ்பி (ஜாவா தரவை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் நூலகம்) அனோட்டேஷன், அதாவது @ குறியோடு தொடங்கும் குறிப்புகள், போட்டு எக்ஸ்எம்எல் அனுப்பினால், விவரமெல்லாம் சரியாக இருந்தும் 'சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப்.2.4.ஏ' என்ற பிழையோடு திரும்பி வருகிறது. என்ன செய்வது?

பதில்: இந்த இடத்தில் வரக்கூடாத எலிமென்ட் (எக்ஸ்எம்எல்லின் ஓர் உறுப்பு) வந்திருக்கிறது என்று அந்தப் பிழை சொல்கிறது. மதிப்புகளைத் துருவ வேண்டாம். வரிசையையும் நேம்ஸ்பேஸையும் (எலிமென்ட் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் பெயர்) பாருங்கள்.

எக்ஸ்எஸ்டியில் 'சீக்வன்ஸ்' என்று இருந்தால் ரகம், பிரிக்ஸ் (இனிப்பின் அளவு), எடை என்ற வரிசை அப்படியே வர வேண்டும். கிளாஸில் நீங்கள் எழுதிய வரிசையிலேயே எக்ஸ்எம்எல் வரும் என்று நம்பாதீர்கள். @எக்ஸ்எம்எல்டைப்பில் 'ப்ராப்ஆர்டர்' கொடுத்து வரிசையைக் கட்டிப்போடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: அதில் எழுத வேண்டியது ஜாவா ஃபீல்டின் பெயர், எக்ஸ்எம்எல் எலிமென்ட்டின் பெயர் அல்ல. எலிமென்ட்டாகப் போகும் ஃபீல்டு ஒன்றுகூட விடுபடக் கூடாது. லாட் எண்ணைத் தனி எலிமென்ட்டாக அல்லாமல் அட்ரிபியூட்டாக (எலிமென்ட்டின் தொடக்கக் குறிக்குள்ளேயே எழுதும் பண்பு) கேட்டிருந்தால் அதற்கு @எக்ஸ்எம்எல்அட்ரிபியூட் போடுங்கள், ப்ராப்ஆர்டரில் சேர்க்காதீர்கள்.

வரிசை சரியாக இருந்தும் பிழை வந்தால், பேக்கேஜ்-இன்ஃபோ கோப்பில் @எக்ஸ்எம்எல்ஸ்கீமா எழுதி நேம்ஸ்பேஸைக் குறிப்பிடுங்கள். எக்ஸ்எஸ்டியில் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் 'குவாலிஃபைடு' என்றிருந்தால் இங்கேயும் அதையே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேர் எலிமென்ட்டுக்கு மட்டும் நேம்ஸ்பேஸ் கிடைக்கும், உள்ளே இருப்பவற்றுக்குக் கிடைக்காது.

இன்னொன்று. @எக்ஸ்எம்எல்எலிமென்ட்டில் 'ரெக்வயர்டு' என்று போட்டாலும், மதிப்பே இல்லாமல் (null) இருந்தால் ஜாக்ஸ்பி அந்த எலிமென்ட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால்கூட இதே பிழை வரலாம். ஆகவே எக்ஸ்எம்எல்லை எழுதித் தரும் மார்ஷலரில் செட்ஸ்கீமா மூலம் எக்ஸ்எஸ்டியை இணைத்துவிடுங்கள். தப்பு உங்கள் கணினியிலேயே தெரிந்துவிடும்.

அறுவடைத் தேதியை லோக்கல்டேட்டில் (ஜாவாவின் தேதி வகை) வைத்திருந்தால் அதை மாற்றித் தரும் அடாப்டர் தேவை. ஜாவா 11இலிருந்து ஜாக்ஸ்பி உள்ளே வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். அப்போது பழைய ஜாவாக்ஸ் இம்போர்ட்டையும் புதிய ஜகார்த்தா இம்போர்ட்டையும் கலந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னாலும், பிறர் தந்த எக்ஸ்எஸ்டிக்குக் கையால் கிளாஸ் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ்ஜேசி கருவியிடம் அதைக் கொடுத்தால் அனோட்டேஷனோடு கிளாஸ்களை உருவாக்கித் தந்துவிடும். டேட்டாபேஸுக்கான கிளாஸைத் தனியாக வைத்து, மதிப்புகளை மட்டும் எக்ஸ்ஜேசி தந்த கிளாஸுக்கு மாற்றுங்கள். வாங்குபவர் நாளை எக்ஸ்எஸ்டியை மாற்றினால், மறுபடி உருவாக்கி அந்த மாற்றும் பகுதியை மட்டும் திருத்தினால் போதும்.