காலில் கட்டும் சென்சார், நடை அளவு: கேள்வி பதில்

ஆக்சிலரோமீட்டரும் (முடுக்கத்தை அளப்பது) ஜைரோவும் (சுழலும் வேகத்தை அளப்பது) சேர்ந்த சின்ன சென்சார்களைக் காலில் கட்டி நடையை அளப்பவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

சார், இந்த இரண்டும் அடங்கிய எம்பியூ6050 சிப்பைக் கணுக்காலுக்கு மேலே கட்டினேன். கால் வீசும்போது ஜைரோ கோட்டின் உச்சி மொட்டையாக வருகிறது. சிப் போய்விட்டதா?

சிப் நன்றாகத்தான் இருக்கிறது. கரண்ட் கொடுத்ததும் அது ஜைரோ ±250 டிகிரி/வினாடி, ஆக்சிலரோமீட்டர் ±2ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) என்ற வரம்பில்தான் விழிக்கும். சாதாரணமாக நடக்கும்போதே முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி 300-ஐத் தாண்டிச் சுழலும். மேலே உள்ளது வெட்டுப்பட்டுவிடும். அங்கே கட்டினால் ±1000, ±8ஜி வையுங்கள். பாதத்தில் கட்டினால் ±2000, ±16ஜி. வரம்பை மாற்றியவர்கள், சிப் தரும் எண்ணை டிகிரி/வினாடியாக்க வகுக்கும் எண்ணை மாற்ற மறப்பதுதான் அடுத்த வம்பு. ±250-க்கு 131, ±1000-க்கு 32.8, ±2000-க்கு 16.4. பழைய 131-ஆலேயே வகுத்துக்கொண்டிருந்தால், ±1000-ல் வேகம் கால்வாசியாகத் தெரியும். ஏற்கெனவே மொட்டையான பதிவை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது, மறுபடி நடக்கச் சொல்லுங்கள்.

பிசியோதெரபி படிக்கிறேன். பெரும்பாலும் வயதானவர்கள், புடவையும் செருப்புமாக வருகிறார்கள். எங்கே கட்டுவது?

இடது வலது வித்தியாசம் வேண்டுமென்றால் இரண்டு காலிலும். கணுக்கால் மொளிக்கு நாலு விரல் மேலே, தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படும் தட்டையான பக்கம் நல்ல இடம். பின்னால் ஆடுசதை மேல் கட்டினால், குதிகால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் சதை அதிர்ந்து கோட்டில் பொய்யான முள் (திடீர்க் கூர்முனை) கிளம்பும். ஸ்டிராப்புக்கு அடியில் ஒரு விரல் இறுக்கமாக நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. புடவைக் கரை சென்சாரில் தட்டுவதும் முள்ளாகவே பதிவாகும், அதனால் மேலே ஒரு மெல்லிய காலுறையை இழுத்துவிடுங்கள். செருப்பின் மேல் ஒட்டவே வேண்டாம். குதிகால் ஒரு நேரம் தூக்கும், செருப்பு இன்னொரு நேரம் அடிக்கும். நீங்கள் அளப்பது செருப்பின் நடையாகிவிடும்.

குதிகால் பட்ட நேரத்தையும் விரல் எழும்பிய நேரத்தையும் ஜைரோவிலிருந்து எப்படிப் பிரிப்பது?

முன்னும் பின்னும் வீசும் அசைவைக் காட்டும் அச்சை மட்டும் எடுங்கள். கால் முன்னே வீசுவது மேல்நோக்கி வரும்படி குறியை வையுங்கள். பெரிய மேடு, வீச்சின் நடுப்பகுதி. மேடு இறங்கியதும் வரும் முதல் பள்ளம் குதிகால் படுவது. அடுத்த மேட்டுக்குச் சற்று முன்னால் உள்ள பள்ளம் விரல் எழும்புவது. நொடிக்கு 100 அளவுகளாவது வேண்டும். வேகமான அதிர்வுகளை வடிகட்டும் 20 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் போதும், ஆனால் முன்னிருந்து ஒரு முறை, பின்னிருந்து ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் பள்ளங்கள் தாமதமாக நகர்ந்துவிடும்.

மேட்டைக் கண்டுபிடிக்க 100 டிகிரி/வினாடி என்று ஒரே எல்லைக்கோடு போட்டால், கால் தேய்த்து நடப்பவர்களின் பாதி அடிகள் காணாமல் போகும். அவரவர் மேடுகளின் நடு மதிப்பில் பாதியை எல்லையாக வையுங்கள். கடைசியில் ஒரு சோதனை: கால் தரையில் இருக்கும் நேரம் சுமார் 60 சதவீதம் வர வேண்டும். 50-க்குக் கீழே வந்தால் பள்ளத்தை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். நடையில் இரண்டு காலும் தரையில் இருக்கும் கணம் உண்டு. இல்லாவிட்டால் அது ஓட்டம்.

அண்ணா, தூரம் அறிய முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டேன் (இன்டகிரேட் செய்தேன்). ஒரு நிமிட நடை பல நூறு மீட்டராகக் காட்டுகிறது!

காட்டத்தான் செய்யும். சாய்வுக் கணக்கில் 1 டிகிரி தவறினாலே புவியீர்ப்பிலிருந்து 0.17 மீ/வி² கசியும். ஒரு நொடியில் அது 8.5 செ.மீ. பிழை, 60 நொடியில் 300 மீட்டருக்கு மேல். அதனால் ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் ஓய்ந்திருக்கும் கணத்தில் வேகத்தைச் சுழியமாக்கி, அதுவரை சேர்ந்த பிழையை அந்த அடி முழுவதும் பின்னோக்கிப் பங்கிடுங்கள். ஜைரோவின் மொத்த அளவு 50 டிகிரி/வினாடிக்குக் கீழே, முடுக்கம் 9.8 மீ/வி²-ஐ ஒட்டி, இரண்டும் 0.1 நொடி நீடித்தால் ஓய்வு எனக் கொள்ளலாம். சென்சார் பாதத்தில் இருந்தால்தான் இது சரிவரும். கணுக்காலுக்கு மேலே கட்டியது எந்தக் கணமும் முழுதாக நிற்பதில்லை.

திசை அறிய மேக்னட்டோமீட்டரும் (காந்தப்புலத்தை அளப்பது) சேர்க்க வேண்டுமா?

கட்டடத்துக்குள் வேண்டாம். தரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதைக் குழப்பும்.

இரண்டு காலிலும் தனித்தனி போர்டு. நேரம் பொருந்தவில்லை.

போர்டுகளின் நேரத்தை ஓட்டும் இரண்டு கிரிஸ்டலுக்கும் இடையே 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) வித்தியாசம் இருந்தால் நிமிடத்துக்கு 2.4 மி.நொடி, அரை மணியில் 72 மி.நொடி விலகும். இரு காலும் தரையிலிருக்கும் நேரமே ஒவ்வொரு முறையும் 0.1 நொடியை ஒட்டித்தான், ஆக அந்தக் கணக்கு பாழ். கட்டுவதற்கு முன் இரண்டு போர்டையும் சேர்த்துப் பிடித்து மேசையில் மூன்று தட்டு, கழற்றிய பின் மறுபடி மூன்று தட்டு. இரண்டு முனையையும் பொருத்தி நடுவில் நேர்கோடாக நீட்டிக்கொள்ளுங்கள். எஸ்டி கார்டு எழுதும்போது 100 மி.நொடிக்கு மேலும் திணறும், எனவே அளவுகளை பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு அளவோடும் மைக்ரோநொடி முத்திரை இருக்கட்டும்.

வந்த எண்கள் சரிதானா என்று லேப் இல்லாமல் பார்க்க முடியுமா?

14 மீட்டர் நேர்ப்பாதை போடுங்கள். முதல் 2, கடைசி 2 மீட்டரை விட்டு நடு 10 மீட்டரை மட்டும் கணக்கில் எடுங்கள். வேகம் கூடுவதும் குறைவதும் ஓரங்களில்தான். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கவாட்டில் போனை வைத்து நொடிக்கு 240 ஃபிரேமில் வீடியோ எடுங்கள், ஃபிரேமுக்கு 4 மி.நொடி. 30-ல் எடுத்தால் 33 மி.நொடி, குதிகால் பட்டதைச் சரிபார்க்க அது உதவாது.