ஆபாசப் படங்களுக்கு எதிரான சட்டங்களை அரசுகள் ஏன் உறுதியாக அமல்படுத்துவதில்லை?

அந்தச் சட்டங்கள் தவறான கேள்வியைக் கேட்கின்றன என்பதுதான் என் பதில். படத்தைப் பார்ப்பவரின் மனம் கெடுமா என்று கேட்கின்றன. படத்தில் இருப்பவர் யார், அவர் சம்மதித்தாரா என்று கேட்பதில்லை.

சட்ட உதவி மையம் ஒன்றில் சில ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். ஒரு நாள் கல்லூரி மாணவி ஒருவர் வந்தார். காதலனுக்கு மட்டும் அனுப்பிய படங்களை, உறவு முறிந்ததும் அவன் இணையத்தில் ஏற்றிவிட்டான். படங்கள் இருந்த இணைய முகவரிகளை ஒரு கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மொத்தம் 11. கடையில் அச்சிடக் கொடுத்தால் அங்கிருப்பவர்கள் திறந்து பார்ப்பார்களே என்ற பயம். ஓர் எழுத்து பிசகினாலும் பக்கம் திறக்காது என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்ததாகச் சொன்னார். அதாவது, அந்தப் படங்களை இரண்டு முறை மறுபடி பார்த்திருக்கிறார்.

காவல் நிலையத்தில் முதல் கேள்வி, “நீதானேம்மா அனுப்பியது?” புகாரைப் பதிவு செய்யவே மூன்று முறை போக வேண்டியிருந்தது. கடைசியில் கைக்கு வந்த முதல் தகவல் அறிக்கையில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு மட்டும் இருந்தது. மின்னணு வடிவில் ஆபாசத்தை வெளியிடுவதையும் அனுப்புவதையும் தண்டிக்கும் பிரிவு அது. அந்தப் பெண் ‘ஆபாசமான புகைப்படங்கள்’ என்ற சொற்களின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “அப்படியென்றால் நான் ஆபாசமா அக்கா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பிரிவில் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. அனுப்புவதும் குற்றம் என்றிருப்பதால், நம்பி அனுப்பியவர் மேலேயே அது திரும்பிவிடுமோ என்ற அச்சம் வருகிறது. எத்தனை பெண்கள் இதற்கு அஞ்சியே வாய் திறக்காமல் இருக்கிறார்கள்!

இந்தக் கோணல் பழையது. 1868இல் இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் ஓர் அளவுகோலை வகுத்தார்: எளிதில் வழிதவறக்கூடிய மனங்களைக் கெடுக்கும் இயல்பு ஒரு நூலுக்கு இருந்தால் அது ஆபாசம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் அதைக் கைவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றமோ 1965இல் புத்தகக் கடைக்காரர் ஒருவரின் தண்டனையை உறுதிசெய்ய அதையே ஏற்றுக்கொண்டது. 2014இல்தான் சமகாலச் சமூகத்தின் அளவுகோலுக்கு மாறியது. அமெரிக்காவில் 1973இன் மில்லர் தீர்ப்பும் சமூகத்தின் அளவுகோலைத்தான் சொல்கிறது. சமூகத்துக்குச் சமூகம் மாறும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லையே இல்லாத இணையத்தின் மேல் எப்படி வழக்குத் தொடுப்பது?

அதனால்தான் அரசுகள் வேகமாகத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகின்றன. அமெரிக்க நீதித்துறை 2005இல் ஆபாச வழக்குகளுக்கென்றே அமைத்த தனிக்குழு 2011இல் கலைக்கப்பட்டது. இந்திய அரசு 2015இல் 857 தளங்களை முடக்கச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை மீண்டும் கேட்டபோது, பட்டியலில் இருந்த 30 தளங்களில் ஆபாசமே இல்லை என்று தெரிந்து எண்ணிக்கை 827 ஆனது. தடை வேண்டும் என்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியல்களால் அந்த மாணவிக்கு ஒரு பயனும் இல்லை. அவருடைய படங்கள் இருந்த பக்கங்கள் எந்தப் பட்டியலிலும் வரக்கூடியவை அல்ல.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் சரியான கேள்வியைக் கேட்டது. அமெரிக்காவில் 1982இன் ஃபெர்பர் தீர்ப்பு, குழந்தைக்கு நேரும் தீங்கே போதும், ஆபாச அளவுகோலைத் தாண்ட வேண்டியதில்லை என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது, அது குழந்தை மீதான பாலியல் சுரண்டலின், வன்கொடுமையின் பதிவு என்று சொல்லிவிட்டது. அதைப் படித்தபோது நோட்டோடு வந்த அந்தப் பெண்ணின் விரல்தான் என் நினைவுக்கு வந்தது. பெயரை மாற்றியதும் குற்றவாளி யார், பாதிக்கப்பட்டவர் யார் என்பது தெளிவாகிவிடுகிறது.

வயது வந்தவர்களுக்கும் இதுவே வழி என்று நம்புகிறேன். சம்மதமின்றி வெளியான படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று இந்தியாவின் 2021 விதிகள் சொல்லின; 2026இல் அந்தக் கெடு இன்னும் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2025இல் வந்த சட்டம் 48 மணி நேரம் தருகிறது. அமலாக்கத்தின் பலம் முழுவதும் இங்கே இறங்கட்டும். வயது வந்த ஒருவர், வயது வந்தவர்கள் மனமொப்பி நடித்த படத்தைத் தன் வீட்டில் பார்ப்பது காவல்துறையின் வேலை இல்லை.

அந்த மாணவியின் வழக்கில், ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவதைத் தண்டிக்கும், அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவையும் சேர்க்கச் சொல்லி மனு எழுதினோம். வரைவை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ‘என் சம்மதமின்றி’ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தச் சொற்களின் அடியில் கோடு இழுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.