வலை ஒன்று, வம்சம் வேறு: சிலந்தி கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் வலை நடுவே எக்ஸ் குறி போட்டு உட்காரும் பெரிய சிலந்தியும், ஸ்டோர் ரூமில் படுக்கைவாக்கில் வலை கட்டும் சிறிய சிலந்தியும் பின்னுவது வட்ட வலைதான். இரண்டும் ஒரே குடும்பமா?
– விலங்கியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: இல்லை. தோட்டத்தில் இருப்பது ஆர்ஜியோபி. ஸ்டோர் ரூமில் இருப்பது பெரும்பாலும் ஜோசிஸ் ஜெனிகுலேட்டாவாக இருக்கும். வெப்பமண்டல ஊர்களில் வீட்டுக்குள் சாதாரணமாகக் காணப்படுவது. 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று இருந்தால் நீங்களே பிரித்துவிடலாம். சுழலாகப் போகும் இழையைப் பாருங்கள். ஆர்ஜியோபியின் இழையில் பசைத் துளிகள் மணி கோத்தாற்போல மின்னும். ஜோசிஸ் வலையில் பசையே கிடையாது, வறண்ட பஞ்சிழைதான். நூற்புக் காம்புகளுக்கு (வயிற்றின் நுனியில் நூல் வரும் உறுப்புகள்) முன்னால் இருக்கும் ஒரு தட்டிலிருந்து மிக நுண்ணிய இழைகள் ஏராளமாக வரும். நான்காம் காலில் உள்ள முடி வரிசையால் அவற்றைச் சீவிச் சீவி எடுக்கும். இந்தக் குடும்பத்துக்கு விஷச் சுரப்பியும் இல்லை. அகப்பட்ட பூச்சியை நூலால் இறுகச் சுற்றியே காரியத்தை முடிக்கும்.

இருந்தும் இவ்விரண்டையும் வெகுகாலம் பரிணாம மரத்தின் ஒரே கிளையில்தான் வைத்திருந்தார்கள். வலையின் வடிவத்தைவிட அதைக் கட்டும் வரிசைதான் அதற்குப் பெரிய காரணம். முதலில் சட்டமும் ஆரங்களும், பிறகு நடுவிலிருந்து வெளியே ஒரு தற்காலிகச் சுழல், கடைசியாக வெளியிலிருந்து உள்ளே இரை பிடிக்கும் சுழல். இத்தனை நுணுக்கமான வேலை இரண்டு முறை தனித்தனியே தோன்றுமா என்று கேட்டார்கள். நியாயமான வாதம்தான். 2014இல் இரண்டு குழுக்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டபோது அது ஆட்டம் கண்டது. ஜோசிஸின் குடும்பம், பெரும்பாலும் வலையே பின்னாமல் வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி, குதிக்கும் சிலந்தி ஆகியவற்றின் பக்கம் போய் நின்றது. 932 சிற்றினங்களை வைத்து 2017இல் வெளியான ஆய்விலும் வட்ட வலைக்காரர்கள் ஒன்றுசேரவில்லை.

அப்படியானால் வட்ட வலை மிகப் பழையதாக இருந்து, பின்னால் வந்த பல கிளைகள் அதைக் கைவிட்டிருக்க வேண்டும். அல்லது இரண்டு முறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும். எந்தெந்தச் சிலந்திகளைக் கணக்கில் சேர்க்கிறோம், ஒரு பழக்கம் தோன்றுவதைவிட மறைவது எளிது என்று எடுத்துக்கொள்கிறோமா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. உங்கள் பாடநூல் இதில் ஒன்றை மட்டும் அடித்துச் சொன்னால், ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

கேள்வி: போட்டோவை வைத்தே சிற்றினத்தைச் சொல்ல முடியாதா?
– வாசகர், தேனி

பதில்: நிறமும் கோலமும் தனித்துத் தெரிகிற சிலவற்றில் முடியும். மற்றவற்றில் முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தாக வேண்டும்: ஆணில் பெடிபால்ப் (வாயருகே உள்ள சிறு கால் போன்ற உறுப்பு) நுனியிலுள்ள குமிழ், பெண்ணில் வயிற்றடியிலுள்ள எபிஜைன் தகடு. குஞ்சுகளில் இவை உருவாகியிருக்காது என்பதால், குஞ்சை வைத்துப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உருவத்தைப் பார்க்க 70–80 சதவீத எத்தனால் போதும். டி.என்.ஏ.வும் வேண்டுமென்றால் ஒரு காலை (வழக்கமாக வலப்பக்க மூன்றாவது கால்) வெட்டி, 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். முழுச் சிலந்தியையும் கடும் எத்தனாலில் ஊறவைத்தால் உடல் விறைத்து, தொட்டால் கால் ஒடியும். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை கரைந்துவிடும்.

எபிஜைனின் உட்புறக் குழாய்களைப் பார்க்க அதை நுண்ணூசியால் பிரித்தெடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் நுண்ணோக்கியில் பாருங்கள். அதிகமானால் மெல்லிய குழாய்கள் உருக்குலைந்துவிடும், கையிலுள்ள ஒரே சிலந்தியும் வீணாகிவிடும். பயமிருந்தால் லாக்டிக் அமிலம் பாதுகாப்பானது. பார்த்து முடித்ததும் அந்தத் துண்டைச் சிறு குப்பியில் இட்டு அதே சிலந்தியோடு சேர்த்து வையுங்கள். காடுகளில் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

கேள்வி: டி.என்.ஏ. பார்கோடு வந்த பிறகும் இத்தனை பாடு எதற்கு?
– ஆசிரியர், மதுரை

பதில்: பார்கோடு என்பது சிற்றினத்தை அடையாளம் காணப் படிக்கும், சி.ஓ.1 என்ற மரபணுவின் சுமார் 658 எழுத்துகள். அது மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் தாய்வழியாக மட்டுமே வரும். மண் வளைக்குக் கதவு போல மூடி வைத்து வாழும் பொறிக்கதவுச் சிலந்திகளில் இது பெரிய வில்லங்கம். பெண்கள் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வளை தோண்டி ஆயுளைக் கழிக்கும். துணை தேடி அலைவது ஆண்தான். ஆகவே பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளில்கூட பார்கோடு வெகுவாக வேறுபடும். அதை மட்டும் நம்பினால் குன்றுக்கு ஒரு சிற்றினம் என்று எண்ணிக்கை பெருத்துவிடும். ஆணின் வழியே மரபணு கலந்திருக்கிறதா என்பதை உட்கருவின் டி.என்.ஏ.தான் காட்டும். உட்கருவுக்குள் குடியேறிவிட்ட சி.ஓ.1 நகல்களும் சில நேரம் ஏமாற்றும். வரிசையின் நடுவே நிறுத்தக் குறியீடு (புரதம் கட்டுவதை நிறுத்தச் சொல்லும் எழுத்துகள்) வந்தால் சந்தேகப்படுங்கள்.

இப்போது பலரும் நாடுவது, தொலைதூர உறவினங்களிலும் மாறாமல் இருக்கும் பகுதிகளைத் தூண்டில் போட்டு எடுத்து, அவற்றின் இரு பக்கமும் உள்ள மாறும் பகுதிகளை ஒப்பிடும் முறை. டி.என்.ஏ. துண்டு துண்டாகிப்போன பழைய அருங்காட்சியக மாதிரிகளிலும் இது பலன் தருகிறது.

கேள்வி: வால் உள்ள சிலந்தி கிடைத்ததாமே?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மியான்மர் அம்பரில் (கல்லாக இறுகிய மரப்பிசின்), சுமார் 10 கோடி ஆண்டுப் பழையது. பெயர் கைமெரராக்னி. 2018இல் ஒரே நாளில் இரு குழுக்கள் விவரித்தன. நூற்புக் காம்பும் நீண்ட வாலும் சேர்ந்தே இருப்பதால், சிலந்திகளுக்கு மிக நெருங்கிய உறவா, யுராரனீடா என்ற அழிந்த வரிசையைச் சேர்ந்ததா என்பதில் இரு குழுக்களுமே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் கிடைத்த அட்டர்கோபஸ் என்ற புதைபடிவமும் முதலில் மிகப் பழைய சிலந்தி என்றே கொண்டாடப்பட்டது. அதற்கு நூற்புக் காம்பு இல்லை, நூல் வரும் குழாய்கள் மட்டுமே உண்டு என்று 2008இல் தெரிந்ததும் யுராரனீடாவுக்கு மாற்றினார்கள்.

கேள்வி: நெஃபிலா கிளாவிப்பஸ் என்று படித்தேன், இப்போது வேறு பெயர் சொல்கிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: 2019 முதல் அது டிரைக்கோநெஃபிலா கிளாவிப்பஸ். நம் ஊர்ப் பெரிய மரச்சிலந்தி நெஃபிலா பிலிப்பஸ், பழைய பெயரிலேயே தொடர்கிறது. எந்தப் பெயர் நடப்பில் இருக்கிறது என்று பார்க்க, சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலைத் திறந்தால் போதும். இலவசம்தான்.